கிரியேட்டினின் ஒன்று

மாமல்லபுரத்தை ஒட்டிய கொக்கிலமேட்டிலும் வெண்புருஷத்திலும் எனக்குப் பெயர் நர்சம்மா. கிராம சுகாதார செவிலியராக இந்தக் கரையில்தான் காலம் போனது. நெத்திலி காயும் மணலைத் தாண்டித்தான் வீடு வீடாகப் போக வேண்டும். மசக்கைக்காரிக்கு அந்த வாடை ஒன்றே போதும். “எனக்கும் ஆறு புள்ள, எல்லாத்துக்கும் வாந்திதான். நாங்க ஆஸ்பத்திரிக்கா ஓடினோம்?” என்பார் மாமியார். அதுவும் பொய்யில்லை. பெரும்பாலோருக்கு ஒன்பதாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், இருபதாம் வாரத்துக்குள் அடங்கிவிடும். நூற்றில் ஓரிருவருக்குத்தான் அடங்காது.

அவர்களிடம் எத்தனை வாந்தி என்று கேட்க மாட்டேன். “காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போனியாம்மா? என்ன நிறம்?” என்பேன். தண்ணீர்கூட வயிற்றில் தங்காதபோது உடம்பில் நீரும் உப்பும் வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சிறுநீரகம் நீரை மிச்சம் பிடிக்கும். சிறுநீர் கறுத்து, சொட்டுச் சொட்டாக வரும். இந்தக் கட்டத்தில் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். நாள்கணக்கில் விட்டால் உள்ளே நுண்குழாய்கள் பழுதாகும். அபூர்வமாக டயாலிசிஸ் வரை போவதுண்டு.

லேப் சீட்டு இங்கேதான் ஏமாற்றும். கர்ப்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வடிகட்டுவதால், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 0.4 முதல் 0.8 வரைதான் இருக்கும். 1.0 வந்தால் சீட்டில் ‘நார்மல்’ வரம்புக்குள்தான் விழும். வீட்டாரும் நிம்மதியாக மடித்து வைப்பார்கள். கர்ப்பிணிக்கு அது நார்மல் இல்லை.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டு அனுப்புங்க” என்று கேட்டு வாங்கும் பழக்கம் வேறு. வாரக்கணக்கில் சாப்பிடாதவளுக்குத் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் சிறுநீர் நின்றுபோனவளுக்கு அதிலுள்ள பொட்டாசியமே இதயத்துக்கு வினை.

“எல்லாம் மனசுதான்” என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. 2012 டிசம்பரில் பிரிட்டிஷ் அரச குடும்பத்து மருமகள் கேட் இந்த அடங்காத வாந்திக்காகவே லண்டனில் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் கருவிலிருந்து தாயின் ரத்தத்தில் கலப்பதே முக்கியக் காரணம் என்று 2023-ல் நேச்சர் இதழில் ஆய்வே வந்துவிட்டது. கர்ப்பத்துக்கு முன் அது குறைவாக இருந்தவர்களைத்தான் அதிகம் படுத்துகிறதாம்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையா, ஐம்பது கிலோக்காரி இரண்டரை கிலோ இளைத்துவிட்டாளா, 108-ஐக் கூப்பிடுங்கள். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே போனதும் எத்தனையாவது வாரம் என்று முதலில் சொல்லுங்கள்; லேப் சீட்டை அப்புறம் நீட்டலாம்.