பர்லி கார்லி

பாகற்காய் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். தில்லிக்கு வந்த முதல் ஆண்டில் நானும் அவர்களுள் ஒருவன். இன்று அதை விரும்பிச் சமைக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் நான் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் வாழ்ந்த ஒரு மராத்திய மூதாட்டியார். 'ஆஜி' என்றே அவரை அழைப்பேன். மராத்தியில் அது பாட்டியைக் குறிக்கும் சொல்.

அவர் கற்பித்த பண்டத்தின் பெயர் 'பர்லி கார்லி'. 'பர்லி' என்றால் நிரப்பியது. 'கார்லி' என்றால் பாகற்காய்கள். தில்லியின் பஞ்சாபி வீடுகளிலும் பாகற்காயை நிரப்பிச் சமைப்பதுண்டு. அங்கே வெங்காயம், சோம்பு, மாங்காய்ப் பொடி ஆகியவை உள்ளே போகும். மராத்தியர் முறையோ வேறு. வேர்க்கடலை, எள், கொப்பரை, வெல்லம், புளி ஆகியவையே அங்குக் கூடுகின்றன.

நால்வருக்குக் கால் கிலோ போதும். கமலா நகர்ச் சந்தையில் சிறிய, இளங்காயாகப் பார்த்து வாங்குக. மேல் முள்ளை இலேசாகச் சீவி, ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறி, விதைகளை நீக்குக. உள்ளும் புறமும் உப்புத் தடவி அரைமணி நேரம் வைத்து, மெல்லப் பிழிக. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. கசப்பிலும் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும். காயும் துவண்டுவிடுவதால் நிரப்பும்போது உடையாது.

இங்கேதான் நான் முதன்முறை தவறினேன். இருமுறை உப்பிட்டுப் பிழிந்தேன். அதுவும் போதாதென்று வேகவைத்து நீரை வடித்தேன். ஆஜி ஒரு துண்டை வாயிலிட்டு, "பாளா, கசப்பே வேண்டாமென்றால் புடலங்காய் வாங்கியிருக்கலாமே!" என்றார். கசப்பை விரட்டுவதன்று, அதற்குத் தக்க துணை சேர்ப்பதே இச்சமையல் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அந்தத் துணைகளைக் கூறுவேன். வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 4 மேசைக்கரண்டி. வறுத்த கொப்பரைத் துருவல் 3. வறுத்த எள் 1. பொடித்த வெல்லம் 2. நெல்லிக்காயளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுக. மிளகாய்ப் பொடி 1 தேக்கரண்டி, மஞ்சள் சிறிது, உப்பு அளவாக. இவற்றோடு 'கோடா மசாலா' 2 தேக்கரண்டி. கொத்தமல்லி விதை, எள், கொப்பரை, கல்பாசி, பட்டை, இலவங்கம் முதலியவற்றைச் சிவக்க வறுத்து இடிக்கும் பொடி அது. எல்லாவற்றையும் பிசைந்து காய்க்குள் அடைத்து, நூலால் சுற்றிக் கட்டுக.

அகன்ற வாணலியில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, பெருங்காயம் தாளித்து, காய்களை அடுக்குக. தீ குறைவாக இருக்கட்டும். இனி வருவது ஆஜியின் நுட்பம். குழிவான தட்டினால் மூடி, அத்தட்டில் தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டும். தட்டு மிகவும் சூடேறாமல் இருப்பதால், உள்ளே எழும் ஆவி அதன் அடியிற் பட்டுத் துளியாகி மீண்டும் காயின்மேலேயே விழும். வேறு நீர் வேண்டுவதில்லை, காயும் தீய்வதில்லை. அவ்வப்போது திருப்பிவிட்டால் ஏறக்குறைய 25 நிமிடத்தில் வெந்துவிடும். மீந்த மசாலையைத் தட்டிலுள்ள வெந்நீரில் கரைத்து ஊற்றினால், சப்பாத்திக்கும் சோற்றுக்கும் ஏற்ற கெட்டிக் குழம்பு கிடைக்கும். நூலை அவிழ்த்துப் பரிமாற மறவாதீர்!

மராத்தியர் அடுப்பங்கரை தமிழர்க்கு முற்றும் அயலானதன்று. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்டவர்கள் மராத்திய மன்னர்களே. இரண்டாம் சரபோசியின் பெயர் தாங்கிய 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்னும் சமையல் நூல் சரசுவதி மகாலில் உள்ளது. நாம் சித்திரைப் புத்தாண்டன்று வேப்பம்பூவையும் வெல்லத்தையும் சேர்த்துப் பச்சடி செய்கிறோம். அவர்கள் குடிபாட்வா நாளில் வேப்பந்தளிரையும் வெல்லத்தையும் சேர்த்து உண்கிறார்கள். கசப்பையும் இனிப்பையும் ஒரே கையில் ஏந்தி ஆண்டைத் தொடங்கும் வழக்கம் இருவர்க்கும் பொது அன்றோ?

நல்ல சாம்பார் தேடிக் கரோல்பாக் வரை செல்லும் நாம், மேல்மாடிக்குச் செல்லும் பத்துப் படிகளை ஏறுவதில்லை. நானும் ஓராண்டுக் காலம் ஏறாதிருந்தவன்தான். கட்டிய நூலை ஆஜி அவிழ்க்க, நான் தட்டேந்தி நின்ற அன்றுதான், ஊரைவிட்டு வந்தபின் முதன்முறையாக, "இன்னும் ஒன்று போடுங்கள்" என்று கேட்டு உண்டேன். நண்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ பாகற்காய் வாங்குங்கள். அடுத்த அறைக்காரரையும் உண்ண அழையுங்கள்.