உஷார்! லாரிக்கு இடப்பக்கச் சந்து

பைக்கில் வேலைக்குப் போகிறவர்களே, ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர்களே, இதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். சிக்னலில் ஒரு லாரி நிற்கிறது. அதன் இடப்பக்கம், நடைபாதைக்கும் லாரிக்கும் நடுவே, ஒரு பைக் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறது. முன்னால் போய் நின்றுகொண்டால் பச்சை விழுந்ததும் கிளம்பிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சந்தில் நீங்கள் இருப்பது டிரைவருக்குத் தெரியாது.

நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். இடப்பக்கக் கதவு அவருக்கு ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு அப்பால் இருக்கிறது. அந்தக் கதவின் ஜன்னல் தொடங்கும் உயரம், பைக்கில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தலைக்கும் மேலே. முன்சக்கரத்தை ஒட்டி நிற்கிற பைக், அதில் இருக்கிற ஆள், பின்னால் இருக்கிற குழந்தை எல்லாமே கதவின் தகரத்துக்குக் கீழே மறைந்துவிடும். இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் லாரியின் பின்பக்கமும் சாலையும் தெரியும். கதவை ஒட்டி இருப்பது தெரியாது. அந்த இடத்துக்காகச் சில வண்டிகளில் கதவுக்கு மேலே இன்னொரு குட்டிக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அது சரியான கோணத்தில் இருக்க வேண்டும், துடைத்திருக்க வேண்டும், அந்த நொடியில் டிரைவர் அதைப் பார்க்கவும் வேண்டும். உயிரை அதை நம்பியா வைப்பது?

முன்பெல்லாம் லாரியில் கிளீனர் இருப்பார். இடப்பக்கம் தலையை நீட்டி, “வா, வா, ஹோல்டான்” என்று கதவைத் தட்டிக் குரல் கொடுப்பார். டிரைவருக்கு இடது கண் அவர்தான். இன்று பல லாரிகளில் டிரைவர் தனியாகத்தான் ஓட்டுகிறார். அந்த இடது கண் இல்லாமல் போனதை பைக் ஓட்டுகிற நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இனிமேல்தான் பெரிய ஆபத்து. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்வாங்கி, தெருமுனையை ஒட்டிக்கொண்டு வரும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு உள்ளே வரும். அதனால் டிரைவர் முதலில் வலப்பக்கம் ஒதுங்கி, அப்புறம்தான் இடப்பக்கம் ஒடிப்பார். வேறு வழியே கிடையாது. ஆனால் பின்னால் வருகிற பைக்காரருக்கு என்ன தோன்றும்? லாரி வலப்பக்கம் போகிறது, நமக்கு இடப்பக்கம் வழி விடுகிறது என்றுதான் தோன்றும். உள்ளே விடுவார். அகலமாக இருந்த சந்து, லாரி ஒடிக்க ஒடிக்கக் குறுகும். ஒரு பக்கம் நடைபாதைக் கல், மறுபக்கம் நெருங்கி வருகிற பின்சக்கரம். பின்னால் போகவும் இடமிருக்காது, அங்கே இன்னொரு பைக் நுழைந்திருக்கும். டிரைவர் அப்போது பார்த்துக்கொண்டிருப்பது எதிரே வருகிற வண்டிகளை.

எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் போகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அங்கே ஓடுகிற கண்டெய்னர் டிரெய்லர்களில் பெட்டி மட்டுமே 40 அடி. முன்னால் இருக்கிற கேபின் ஒரு திசையிலும் பின்னால் இருக்கிற பெட்டி வேறு திசையிலும் இருக்கும் நேரத்தில், டிரைவருக்கு இடப்பக்கக் கண்ணாடியில் பெட்டியின் சுவர் மட்டும்தான் தெரியும். தெருவுக்குள் வருகிற தண்ணீர் லாரியும் மாநகரப் பேருந்தும் அவ்வளவு நீளமில்லை, ஆனால் அவற்றின் பின்சக்கரமும் உள்வாங்கத்தான் செய்யும். பஸ் நிறுத்தத்தில் இன்னொரு அபாயமும் உண்டு: இடப்பக்கம் புகுந்தால் படியிலிருந்து இறங்குகிறவர் மீதுதான் ஏற்றுவீர்கள்.

பெரிய வண்டியின் மூக்குக்கு நேர் முன்னால் போய் நிற்பதும் இதே கதைதான். உயரமான கேபினில் இருக்கிறவருக்கு பம்பரை ஒட்டி இருப்பது தெரியாது. பச்சை விழுந்த நேரத்தில் உங்கள் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் அவர் பாட்டுக்கு எடுத்துவிடுவார். திரும்பிப் பார்த்தால் டிரைவரின் முகம் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். பின்னால் போகும்போதும் அப்படியே. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா, அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

இந்த லட்சணத்தில்தான் கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டுகிறோம். புது பைக் வாங்கிய மறுவாரமே இரண்டு கண்ணாடியும் காணாமல் போகின்றன. கேட்டால் கெத்து என்கிறார்கள். நெரிசலில் புகுந்து போகத் தடையாக இருக்கிறது என்கிறார்கள். பின்புறம் காட்டும் கண்ணாடி கட்டாயம் என்று 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. போலீஸ் பிடிக்கிறாரா இல்லையா என்பது வேறு விஷயம். கண்ணாடி இல்லாதவர் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க முழுத் தலையையும் திருப்புகிறார். திருப்பிய நேரத்தில் முன்னால் போகிற ஷேர் ஆட்டோ ஆளை ஏற்ற நின்றுவிடுகிறது. அல்லது திரும்பியே பார்ப்பதில்லை, ஹாரன் சத்தத்தை நம்பிப் போகிறார். அது இன்னும் மோசம்.

கண்ணாடி இருந்தும் பாதிப் பேருக்கு அதில் தெரிவது சொந்த முழங்கைதான். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஓட்டும்போது உட்காருகிற மாதிரியே உட்காருங்கள். கண்ணாடியின் உள்ஓரத்தில் தோள் கொஞ்சமாகத் தெரியலாம்; மிச்சம் முழுக்கச் சாலையாக இருக்க வேண்டும், தூரத்துச் சாலை நடுவாக்கில் வர வேண்டும். வைத்த இடத்தில் நிற்காமல் கண்ணாடி ஆடினால் அடியில் இருக்கிற நட்டை இறுக்கச் சொல்லுங்கள், மெக்கானிக்குக்கு ஒரு நிமிட வேலை. அப்படியே உட்கார்ந்திருக்க, வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து மெதுவாக நடந்து வரச் சொல்லிக் கண்ணாடியையே பாருங்கள். வருவார், பெரிதாகத் தெரிவார், உங்கள் பக்கத்தில் வரும்போது சட்டென்று காணாமல் போவார். இன்னும் ஓரிரு எட்டு வைத்த பிறகுதான் கடைக்கண்ணில் படுவார். அந்த ஓரிரு எட்டில் ஒரு பைக் முழுசாக மறையும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பார்த்தால் மறைகிற இடம் இன்னும் கூடும். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள். கழுத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்புங்கள்.

கண்ணாடியில் தெரிகிற தூரத்தையும் அப்படியே நம்பக் கூடாது. வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி அகலமாகக் காட்டும். அதற்கு விலையாக, வருகிற வண்டியைச் சிறிதாக்கித் தொலைவில் இருப்பதுபோலக் காட்டும். நீங்கள் ஜிஎஸ்டி சாலையில் 40-ல் போகிறீர்கள். 25 மீட்டர் பின்னால் ஒரு கார் 70-ல் வருகிறது. இடைவெளி நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் கரைகிறது. மூன்றே நொடியில் அது உங்கள் பக்கத்தில். கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, முன்னால் இருக்கிற பள்ளத்தை ஒருமுறை கவனித்துவிட்டுத் திரும்புவதற்குள் நீங்கள் பார்த்த காட்சி பழையதாகிவிடும். ஆகவே இண்டிகேட்டர் போட்ட பிறகு இன்னொரு முறை கண்ணாடி; அப்புறம், ஹேண்டில்பாரை அசைக்கும் முன்பு, தோளுக்கு மேலாக ஒரு வெட்டுப் பார்வை. முன்னால் போதிய இடைவெளி விட்டிருந்தால்தான் இதற்கு நேரம் கிடைக்கும்.

காருக்கும் மறைவிடம் உண்டு. அதன் பின்கதவை ஒட்டியே போகிற பைக், டிரைவரின் உள்கண்ணாடியிலும் விழாது, பக்கக் கண்ணாடியிலும் விழாது. ஒன்று பின்தங்குங்கள், இல்லை வலப்பக்கமாகக் கடந்து போய்விடுங்கள். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டாம்.

ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டி விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னொரு வண்டியைச் செருக, ஸ்டாண்டு ஆள் உங்கள் கண்ணாடியை உள்பக்கம் திருப்பி வைத்திருப்பார். சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி, அவசரத்தில் அதே கோலத்தில் எடுத்து, மெயின் ரோட்டுக்கு வந்த பிறகு ஓடுகிற வண்டியிலேயே ஒரு கையால் அதைச் சரிசெய்கிறவர்கள் எத்தனையோ பேர். டோக்கனைக் கொடுத்ததும், கிளம்பும் முன்பே இரண்டு பக்கமும் திருப்பி வையுங்கள். மழைக்காலமாக இருந்தால் ஒரு துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். இடப்பக்கக் கண்ணாடி உடைந்து வெறும் கம்பி மட்டும் நின்றால், அன்றைக்கே வழியில் இருக்கிற கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள்.