ஒரே ‘போனால்’, இரண்டு ஸ்பெயின்

“ஸ்பெயினுக்குப் போனால் என்ன செய்வாய்?” ஸ்பானிய மொழி வகுப்பின் வாய்மொழிப் பயிற்சியில் எனக்கு வந்த கேள்வி. “ஸி வியாஹோ...” என்று உற்சாகமாகத் தொடங்கினேன். “டிக்கெட் எடுத்தாயிற்றா?” என்றார் விரிவுரையாளர். வகுப்பே சிரித்தது.

தமிழில் ‘போனால்’ ஒன்றே போதும். ‘நாளை கொம்தாருக்குப் போனால்’ என்றாலும் ‘நிலாவுக்குப் போனால்’ என்றாலும் அதே சொல்தான். ஸ்பானிய மொழியில் அப்படித் தப்பிக்க முடியாது. நடக்கக்கூடிய பயணம் என்றால் ‘வியாஹோ’. வெறும் கற்பனை என்றால் ‘வியாஹாரா’. வாயைத் திறக்கும் முன்பே நம் நம்பிக்கை எவ்வளவு என்று முடிவு செய்துவிட வேண்டும்.

வடிவத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ‘அவர்கள் பேசினார்கள்’ என்பது ‘அப்லாரோன்’. கடைசி ‘ரோன்’ போய் ‘ரா’ வந்தால் ‘அப்லாரா’. ‘கொமியேரோன்’ (சாப்பிட்டார்கள்) ‘கொமியேரா’ ஆகும். நான், அவன், அவள் மூவருக்கும் ‘அப்லாரா’, நீ என்றால் ‘அப்லாராஸ்’, நாம் என்றால் ‘அப்லாராமோஸ்’, அவர்கள் என்றால் ‘அப்லாரான்’. அழுத்தம் ‘லா’வில் விழ வேண்டும். கடைசி ‘ரா’வில் அழுத்தினால் ‘பேசுவான்’ என்ற எதிர்காலமாகிவிடும். இதில் நான் இழந்த மதிப்பெண்களைக் கேட்காதீர்கள்.

நாமும் இதைத்தான் செய்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. பேசினார்கள், பேசினால். வந்தார்கள், வந்தால். சாப்பிட்டார்கள், சாப்பிட்டால். இன்னும் நடக்காத ஒன்றைச் சொல்ல நாமும் இறந்தகால அடியைத்தான் எடுக்கிறோம். நீங்களும் ஒரு வினைச்சொல்லை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஆரம்பப் பள்ளியிலிருந்து தமிழ் படித்தும் இது என் கண்ணில் பட்டதே இல்லை.

‘ஸி’ இல்லாத இடத்திலும் இவ்வடிவம் வரும். அன்று ஒருவர் விரும்பியது, கேட்டது, அஞ்சியது எல்லாவற்றுக்கும் இதுதான். நம் ஊர் வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியபோது, சயாமிடமிருந்து கம்பெனி தன்னைக் காக்கும் என்று கெடா சுல்தான் அப்துல்லா எதிர்பார்த்தார். ‘எல் சுல்தான் கெரியா கே லா கொம்பஞியா லோ அயுதாரா’: கம்பெனி தனக்கு உதவ வேண்டும் என்று சுல்தான் விரும்பினார். ‘அயுதாரோன்’ என்றால் உதவினார்கள். ‘அயுதாரா’வில் உதவி வந்ததா என்பது தெரியாது, விருப்பம் மட்டுமே தெரியும். உதவி வரவில்லை. 1791 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 6,000 வெள்ளி கொடுத்தார்கள். அந்த வெள்ளியும் ஸ்பானிய வெள்ளிதான்.

அன்றிரவு அம்மாவிடம் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டில் யாரிடமும் கடவுச்சீட்டு இல்லை. அம்மா சிரிக்கவில்லை. “ஏம்மா, நீ போகவே மாட்டேன்னு அவுங்களா முடிவு பண்ணிட்டாங்களா?” என்றார்.

அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய கட்டுரைக்கும் அதே தலைப்புதான். ‘ஸி’ என்று எழுதிவிட்டேன். அதற்கடுத்த சொல்லுக்கு இன்னும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.