தைலமரமும் அதன் எண்ணெயும்

செஞ்சியை அடுத்த மேல்மலையனூர் போன்ற மானாவாரிப் பிரதேசங்களில், மணிலாக் கொட்டை பயிராகி வந்த கொல்லைகள் சிலவற்றில் தைலமரம் இடம்பெறுவதுண்டு. அதன் இலையைக் கசக்கி முகர்ந்த குடியானவர் ஒருவர், நீலகிரித் தைலம் இதிலிருந்தே இறக்கப்படுகிறதென்றும், சங்கத்தின் மூலமாக ஓர் அடுப்பும் கொப்பரையும் அமைத்தால் லாபம் கிட்டுமென்றும் கருதுவது இயல்பே. பங்குப் பணத்தை இதில் இடுமுன் அங்கத்தினர்கள் சில விவரங்களை அறிதல் அவசியம்.

யூகலிப்டஸ் எனப்படும் இம்மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. இதில் 700-க்கு மேற்பட்ட இனங்கள் உள. அந்நாட்டுப் பூர்வகுடிகள் ஜுரத்துக்கும் புண்ணுக்கும் இதன் இலையை நெடுங்காலமாக உபயோகித்து வந்தனர். 1852-ல் ஜோசப் பொசிஸ்டோ என்பவர் விக்டோரியா மாகாணத்தில் தைலம் வடித்து வியாபாரம் செய்யத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1843-ல், காட்டன் என்னும் ராணுவ அதிகாரி நீலகிரியில் இம்மரத்தை நட்டுப் பார்த்தார். சோலை மரங்கள் வெட்டுண்டு மலையில் விறகுப் பஞ்சம் நேர்ந்தபடியால் பின்னர் சர்க்காரே தோட்டங்கள் போட்டது. விறகுக்காக வந்த மரமே பிற்காலத்தில் தைலத்தால் பெயர் பெற்றது.

நீலகிரியில் வளர்வது 'புளூகம்' என்னும் குளிர்ப்பிரதேச இனம். சமவெளியில் காகிதக் கூழுக்காக நடப்படுவது பெரும்பாலும் 'மைசூர் கம்' வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே தவறு. சமவெளி மரத்தின் இலையில் எண்ணெய் குறைவு. அதன் தன்மையும் மரத்துக்கு மரம் மாறும். தைலத்துக்குக் குணம் தருவது சினியோல் எனும் சத்து. மருந்துக்குரிய தைலத்தில் அது 70 சதவீதத்துக்குக் குறையலாகாதென ஐரோப்பிய மருந்துத் தர நூல் விதிக்கிறது.

வடிக்கும் முறை எளிது. கொப்பரையில் இலையையும் ஜலத்தையும் இட்டு மூடிக் காய்ச்சுவர். எழும் ஆவி, குளிர்ந்த நீர்த்தொட்டியினூடே செல்லும் குழாயில் குளிர்ந்து சொட்டும். எண்ணெய் நீரைவிட லேசானதாகையால் மேலே மிதக்கும். ஆயினும் புளூகம் இலையிலேயே 100 கிலோ பச்சை இலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோ தைலந்தான். மலையில் உதிர்ந்த இலையும் விறகும் அருகிலேயே அகப்படுகின்றன. மேல்மலையனூரில் விறகுச் செலவு ஒன்றே வரவை விழுங்கிவிடக்கூடும்.

மற்றொரு விஷயமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது 'ஜுர மரம்' எனப் புகழப்பட்டு, இத்தாலியிலும் அல்ஜீரியாவிலும் சதுப்பு நிலங்களில் நடப்பட்டது. இதன் வாசனை விஷக்காற்றைப் போக்குவதாக அக்காலத்தார் நம்பினர். 1897-ல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியா கொசுவின் மூலம் பரவுகிறதென்பதற்குச் சான்று கண்டார். மரம் செய்த உதவி வாசனையால் அன்று. தேங்கிய நீரை வேர் உறிஞ்சியதால் கொசு இருக்க இடமின்றிப் போயிற்று. சதுப்பில் நன்மையாயிருந்த இக்குணம், மழையை நம்பிய ஊரில், ஏரிக்கரையிலோ கிணற்றருகிலோ தீமையாகும். கர்நாடக சர்க்கார் 2017-ல் இதைப் புதிதாக நடுவதைத் தடைசெய்தது. நடத் துணிவோர் கிணற்றையும் அண்டை வீட்டான் வரப்பையும் விட்டு வெகுதூரம் தள்ளி நடுக.

இனித் தைலத்தின் உபயோகம். அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்து இரவெல்லாம் விழித்துத் திரும்பும் யாத்திரீகர் பையில் சிறு புட்டித் தைலம் இருப்பது வியப்பன்று. ஜலதோஷத்துக்குக் கொதிநீரில் சில துளி இட்டு ஆவி பிடித்தலும், மூட்டுவலிக்குத் தேங்காயெண்ணெயில் சிறிதளவு கலந்து தேய்த்தலும் பழகிய வழக்கங்கள். முன்னதற்கு நம் வேலியோரத்து நொச்சியிலையே நெடுங்காலமாய்ப் பயன்பட்டு வந்தது. அதற்குக் காசு வேண்டியதில்லை. சிறுபிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தருகே அமர்த்துதல் ஆகாது. கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் பல.

தைலத்தை உள்ளுக்குக் கொடுத்தல் கூடவே கூடாது. இருமலுக்கென்று தேனிலோ சர்க்கரையிலோ கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒரு தேக்கரண்டி அளவே குழந்தைக்கு மயக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கவல்லது. அதுவும் சில நிமிஷங்களிலேயே. கைக்குழந்தையின் மூக்கருகிலும் மார்பிலும் தடவுவது மூச்சைத் தடுக்கும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாது, 108 வாகனத்தை அழைத்து, புட்டியுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

வாங்கும்போது ஒரு சோதனை உண்டு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுக் காற்றில் வைத்தால், நல்ல தைலம் கறையின்றிப் பறந்துவிடும். எண்ணெய்க் கறை நிற்குமாயின் மட்டமான எண்ணெய் கலந்ததென்று அறியலாம். டர்பெண்டைன் கலப்பை இச்சோதனை காட்டாது, அதுவும் பறந்துவிடும். ஆகையால் திருவிழாக் கடையில் முகவரியற்ற புட்டியை வாங்குவதினும், சங்கத்தார் ஒன்றுகூடி, தயாரித்தவர் பெயரும் தேதியும் அச்சிட்ட சரக்கை மொத்தமாகத் தருவித்துக்கொள்வது மலிவு. புட்டியை இறுக மூடி, அடுப்புக்கு எட்டவும் பிள்ளைகளுக்கு எட்டியும் இராத உயர்ந்த மாடத்தில் வைக்கவேண்டும்.