கேர்மிற்: கணனிகளுக்கிடையே ஒரு பொதுமொழியும் அதன் உடைமை வரலாறும்

தொழினுட்ப வளர்ச்சியைத் தனிமேதைகளின் கண்டுபிடிப்பு வரலாறாக நோக்கும் போக்கு இன்றும் வலுவாகவே உள்ளது. கருவிகள் எத்தகைய சமூக உறவுகளுள் தோன்றின, எவருக்கு உடைமையாயின என்னும் வினாக்கள் அந்நோக்கில் இடம்பெறுவதில்லை. 1981இல் நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உருவான 'கேர்மிற்' என்னும் கோப்புப் பரிமாற்ற மென்பொருள் அவ்வினாக்களை எழுப்புவதற்கு உகந்த சான்றாகும்.

எழுபதுகளின் கணனிகள் ஒன்றையொன்று அறியாதவை. பி.டி.பி-11 என்னும் சிறுகணனி 16 பிற்றுச் சொற்களைக் கையாண்டது. அதே டிஜிற்றல் நிறுவனத்தின் டெக்சிஸ்ரம்-20 கையாண்டதோ 36 பிற்றுச் சொற்களை. ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பெரிய எழுத்து 'ஆஸ்கி' குறிமுறையில் 65, ஐ.பி.எம். பெருங்கணனிகளின் 'எப்சிடிக்' குறிமுறையில் 193. ஐ.பி.எம். 1974இலும் டிஜிற்றல் 1975இலும் தத்தமக்குரிய வலையமைப்பு முறைகளை அறிமுகஞ் செய்தன. அவை முதன்மையாகத் தத்தம் இயந்திரங்களையே இணைத்தன. பொருந்தாமை பொறியியலின் விளைவு மட்டுமன்று; வாங்கியவரை விற்றவரோடு பிணைக்கும் தளையாகவும் அது தொழிற்பட்டது.

கொலம்பியாவில் மத்திய கணனியின் வட்டுக்களில் மாணவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அவர்தம் கோப்புக்களை நுண்கணனிகளின் நெகிழ்வட்டுக்களுக்கு மாற்றும் தேவை எழுந்தது. பிராங்க் ட குரூஸ், பில் கச்சிங்ஸ் ஆகியோர், ஏறத்தாழ எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாயிருந்த முனையத் தொடர்கம்பியையே இதற்கான வழியாகக் கொண்டனர்.

அதன் இயக்கம் எளிமையானது. கோப்புச் சிறு பொதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பொதியும் நீளம், வரிசை எண், வகை, தரவு, சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றைக் கொண்டிருக்கும். பெறும் கணனி தொகையைக் கணித்து, பொருந்தினால் ஏற்பினை அறிவிக்கும். பொருந்தாவிடின் அதே பொதி மீள அனுப்பப்படும். இடைநிற்கும் இயந்திரங்கள் கட்டளையெனத் தவறாகக் கொள்ளக்கூடிய கட்டுப்பாட்டுக் குறிகள், அச்சிடத்தக்க குறிகளாக மாற்றப்பட்டே அனுப்பப்பட்டன. வலிமை குன்றிய இயந்திரத்துக்கும் பொருந்துவதையே பொதுவிதியாக்கியமை இதன் சிறப்பு. வேகக்குறைவு அதற்குக் கொடுத்த விலை.

நெறிமுறை வெளிப்படையாக வெளியிடப்பட்டமையால் பல நாடுகளின் நிரலாளர்கள் தத்தம் கணனிகளுக்கு அதனை எழுதினர். ஆக, கேர்மிற் ஒரு கூட்டு உழைப்பின் விளைவாயிற்று. ஆயினும் உடைமை உறவுகளுக்கு வெளியே அது நிற்கவில்லை. தொலைக்காட்சித் தவளைப் பாத்திரமொன்றின் பெயரைச் சூட்டுதற்கும் உரிமையாளரின் அனுமதி தேவைப்பட்டது. 1986இல் அமைந்த கேர்மிற் திட்டம் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் அறவிட்டு, அவ்வருவாயிலேயே இயங்கிற்று. 2011இல் பல்கலைக்கழகம் திட்டத்தை முடிவுறுத்தியது. சீ-கேர்மிற்றின் மூலநிரல் அவ்வாண்டிலேயே திறந்த உரிமத்தின்கீழ் வெளிவந்தது.

சந்தை கைவிட்ட பின்னரே அது முழுமையாகப் பொதுவுடைமையாயிற்று என்பது கவனத்திற்குரியது. பழைய சிறுகணனிகளைத் தயாரித்த டிஜிற்றல் நிறுவனம் 1998இல் கொம்பாக்கின் கைக்கு மாறியது. அவற்றுள் எஞ்சியுள்ள ஆய்வுத் தரவுகளையும் ஆவணங்களையும் மீட்க முனைவோருக்கு, தொடர்கம்பியும் கேர்மிற்றும் இன்றும் வழியாக உதவுகின்றன. அறிவைப் படைப்பதோடு பல்கலைக்கழகத்தின் கடமை முடிவதில்லை. அவ்வறிவு எவ்வியந்திரத்துள்ளும் சிறைப்படாதிருக்கும் வழியைப் பொதுவில் வைத்திருப்பதும் அதன் கடமையேயாம்.