சரக்குக்குத் திறந்த கதவு; தொழிலாளிக்கு ஒருக்களித்த கதவு

புது தில்லி: இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலை 24-ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்கள் முன்னிலையில் பிரிட்டனில் கையெழுத்தானது. அதற்கு இரண்டே நாள்களுக்கு முன்பு, முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாடுகளிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் நிறுத்தியது. அந்த விசாவைப் பெற்றவர்களில் இந்தியர்கள் முன்வரிசையில் இருந்தவர்கள். இரு முடிவுகளையும் எடுத்தது ஒரே அரசுதான்.

வர்த்தகப் பேச்சுவார்த்தைகளின் போக்கை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. உலக வர்த்தக அமைப்பு 1995-இல் உருவானபோதே, சேவை வர்த்தக ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கை ஒன்றில் இதற்கான கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. பெங்களூரு நிறுவனம் தன் பொறியாளரைச் சில காலம் லண்டனுக்கு அனுப்பினால் அது வர்த்தகம். அதே பொறியாளர் லண்டன் முதலாளியிடம் தாமாக வேலை தேடிச் சென்றால் அது குடியேற்றம். ஒப்பந்தத்தின் வரம்புக்குள் வராது.

அந்தக் கோட்டுக்குள் நின்றுதான் இந்தியா பேரம் பேசியது. தாற்காலிகமாக பிரிட்டன் செல்லும் இந்திய ஊழியர்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை அங்கு சமூகப் பாதுகாப்புச் சந்தா பிடித்தம் இருக்காது என்பது முக்கிய ஆதாயம். இதில் பெரும் பலன் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கே. சமையற்கலைஞர், யோகா பயிற்றுநர், இசைக் கலைஞர் ஆகியோருக்கு ஆண்டுக்கு 1,800 இடங்கள். மறுபக்கம், ஸ்காட்ச் விஸ்கி மீதான 150 சதவீத வரி முதலில் 75 ஆகவும், பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறையும். ஆயத்த ஆடைக்கு பிரிட்டனில் வரி நீங்குவது திருப்பூருக்கு நல்ல செய்தி என்பதையும் மறுப்பதற்கில்லை.

இந்தச் சிறு சலுகைக்கே லண்டனில் எதிர்ப்பு கிளம்பியது. சந்தா விலக்கு உள்நாட்டுத் தொழிலாளர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என எதிர்க்கட்சிகள் சாடின. அக்டோபரில் மும்பை வந்த பிரதமர் ஸ்டார்மர், இந்தியர்களுக்காக விசா விதிகள் தளர்த்தப்பட மாட்டா எனக் கூறிவிட்டார்.

ஒப்பந்தம் கையெழுத்தானபோது நமது நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி நான்கு நாள்களே ஆகியிருந்தன. பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தால் அவைகள் முடங்கிக் கிடந்தன. இயங்கியிருந்தாலும் பெரிதாக எதுவும் நடந்திருக்காது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக உடன்படிக்கை 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இங்கு அத்தகைய கட்டாயம் இல்லை. கையெழுத்திட்டுவிட்டு அறிவிப்பது அரசின் உரிமை.

பொறியாளருக்கும் சமையற்கலைஞருக்குமாவது பேச ஆள் இருந்தது. வளைகுடாவுக்குச் செல்லும் கொத்தனார், ஓட்டுநர், வீட்டுப் பணிப்பெண் விஷயமே வேறு. அவர்கள் அங்குள்ள முதலாளியிடம் வேலைக்குச் செல்பவர்கள். ஆகவே வர்த்தகக் கணக்கில் இல்லை. ஒப்பந்தம் பேசுவது வர்த்தக அமைச்சகம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் இவர்களைக் கவனிப்பது வெளியுறவு அமைச்சகம். ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 200 டன் வரை தங்கத்துக்கு இறக்குமதி வரிச் சலுகை உண்டு. தொழிலாளர் உரிமைகளுக்கென அதில் தனி அத்தியாயம் இல்லை.