நகர்பேசி நிகழ்பட ஓடை

நகர்பேசி நிகழ்பட ஓடை என்பது நகர்பேசியின் படக்கருவி காணும் காட்சியை நிரல் வழியாகப் பெற்று, சுருக்கி, படப்பிடிப்பு முடியும் வரை காத்திராமல் இணையத்தின் ஊடாக உடனுக்குடன் அனுப்பும் முறை ஆகும். ஸ்ட்ரீமிங் என்றும் நேரலை என்றும் இது பொதுவாக வழங்கப்படுகிறது. அதே காட்சியை நகர்பேசியின் நினைவகத்தில் ஒரு கோப்பாகச் சேமிப்பது நிகழ்படப் பதிவு எனப்படும்.

இரு பணிகளும் ஒரே படக்கருவியையும் ஒரே குறியாக்கச் சில்லையும் பயன்படுத்துகின்றன. ஆகவே பதிவு செய்ய வல்ல கருவியில் ஓடையாக அனுப்புவதும் எளிதாகவே இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரு இயங்குதளங்களிலும் பதிவு வசதி வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே ஓடைக்கு முறையான வழி திறக்கப்பட்டது. பதிவுக்குப் பயன்பட்ட கோப்பு வடிவம், பதிவு முடிந்த பிறகே படிக்கத்தக்கதாக இருந்தமை இதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

இவ்வேறுபாடு நிரலாளர்களை மட்டும் சார்ந்ததன்று. பதிவின் நடுவே நகர்பேசி பறிக்கப்பட்டாலோ உடைக்கப்பட்டாலோ, அதுவரை எடுத்த காட்சியும் அதனுடன் போய்விடும். ஓடையாகச் சென்றிருந்தால், கடைசி நொடிக்குச் சற்று முன்பு வரையிலான காட்சி வேறோர் ஊரில் உள்ள வழங்கியில் இருக்கும்.

படக்கருவியிலிருந்து குறியாக்கி வரை

படக்கருவியின் உணரி தருவது தனித்தனிப் படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் சட்டகம் எனப்படும். 1280×720 படப்புள்ளிகள் கொண்ட ஒரு சட்டகத்தை, நகர்பேசிகளில் வழக்கமான வண்ண முறையில் ஒரு புள்ளிக்கு ஒன்றரை பைட்டு எனக் கொண்டால், அதன் அளவு 13,82,400 பைட்டுகள். நொடிக்கு 30 சட்டகங்கள் எனில் ஏறத்தாழ 4.15 கோடி பைட்டுகள், அதாவது 33 கோடி பிட்டுகள். இதை வழக்கமான நகர்பேசி வலையமைப்பில் அப்படியே அனுப்புவது நடைமுறைக்கு ஒவ்வாது. எச்.264 போன்ற குறிமுறை இதை நொடிக்கு 20 முதல் 40 இலட்சம் பிட்டுகளாக, அதாவது ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைக்கிறது.

அடுத்தடுத்த சட்டகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், முழுச் சட்டகத்தை எப்போதாவது ஒருமுறை அனுப்பி, இடையில் மாற்றங்களை மட்டும் அனுப்புவதே இச்சுருக்கத்தின் அடிப்படை. முழுமையாக அனுப்பப்படுவது முதன்மைச் சட்டகம் எனப்படும். ஓடையில் நடுவே வந்து சேரும் பார்வையாளர் அடுத்த முதன்மைச் சட்டகம் வரும் வரை எதையும் காண இயலாது. எனவே ஓடைக்கான நிரல்களில் ஒன்று அல்லது இரண்டு நொடிக்கு ஒருமுறை முதன்மைச் சட்டகம் வருமாறு அமைப்பது வழக்கம்.

கோப்பு ஓடையாக மாறாதது ஏன்

நகர்பேசிகள் பெரும்பாலும் எம்பி4 வடிவத்திலோ அதன் நெருங்கிய உறவான 3ஜிபி வடிவத்திலோ நிகழ்படத்தைச் சேமிக்கின்றன. இக்கோப்பு பெட்டிகளால் ஆனது. ஒவ்வொரு பெட்டியின் தொடக்கத்திலும் அதன் நீளத்தைக் கூறும் நான்கு பைட்டுகளும் பெயரைக் கூறும் நான்கு பைட்டுகளும் இருக்கும். எம்டாட் என்னும் பெட்டியில் சுருக்கப்பட்ட சட்டகங்கள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. மூவ் என்னும் பெட்டி ஒரு நூலின் பொருளடக்கம் போன்றது. எந்தச் சட்டகம் கோப்பில் எங்கே தொடங்குகிறது, அதன் அளவு என்ன, எத்தனையாவது கணத்தில் அதைக் காட்ட வேண்டும் என்பன எல்லாம் அதில் உள்ளன.

எல்லாப் பக்கங்களும் எழுதி முடிந்த பிறகே பொருளடக்கம் எழுத முடியும். அதுபோலவே மூவ் பெட்டியும் பதிவை நிறுத்திய பிறகே எழுதப்படுகிறது. அது பெரும்பாலும் கோப்பின் இறுதியில் அமையும். எம்டாட் பெட்டியின் நீளம் கூட அப்போதுதான் திரும்பச் சென்று நிரப்பப்படுகிறது.

பதிவின் நடுவே மின்கலம் கழன்று விழுந்தால் கிடைக்கும் கோப்பில் படங்கள் எல்லாம் இருக்கும். ஆனால் எந்த இயக்கியும் அதைத் திறக்காது. மூவ் பெட்டிக்குள் வேறொரு முக்கியமான சிறு தகவலும் உள்ளது. சட்டகத்தின் அளவு, குறியாக்கத்தின் வகை போன்றவற்றைக் கூறும் எஸ்பிஎஸ், பிபிஎஸ் என்னும் இரு அளபுருத் தொகுதிகளே அவை. இரண்டும் சேர்ந்து சில பத்து பைட்டுகளே வரும். அவை இன்றி, பல கோடி பைட்டுகள் கொண்ட எம்டாட் பெட்டியில் இருந்து ஒரு படத்தையும் மீட்க இயலாது. அன்ட்ரங்க் போன்ற மீட்பு மென்பொருள்கள், அதே நகர்பேசியில் எடுக்கப்பட்ட வேறொரு நலமான கோப்பைக் கேட்பது இதனால்தான். அதிலிருந்து இத்தகவலைக் கடன் வாங்கிச் சிதைந்த கோப்பைச் சீரமைக்கின்றன.

தொடக்க கால முயற்சிகள்

ஜாவா இயங்கிய எளிய நகர்பேசிகளில் மொபைல் மீடியா ஏபிஐ என்னும் இடைமுகம் படக்கருவியை நிரலுக்குத் திறந்துவிட்டது. பதிவாகும் தரவை ஒரு வெளியீட்டு ஓடைக்குத் திருப்பும் வசதியும் அதில் இருந்தது. ஆயினும் பதிவை முடிக்கும் கட்டளைக்குப் பின்னரே அது முழுமை பெறும். கோப்பு வடிவத்தின் தடை அங்கும் நீங்கவில்லை.

சிம்பியன் இயங்குதளத்தில் இன்னும் ஆழமாகச் செல்ல முடிந்தது. 2006இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிக் நிறுவனமும், 2007இல் சுவீடனில் தொடங்கப்பட்ட பாம்பியூசர் நிறுவனமும் நோக்கியா என்95 போன்ற நகர்பேசிகளில் இருந்து நேரலையாகப் படம் அனுப்பும் மென்பொருள்களை வழங்கின. 2011 சனவரியில் எகிப்தில் போராட்டங்கள் தொடங்கியபோது, அந்நாட்டில் முடக்கப்பட்ட இணையத்தளங்களுள் பாம்பியூசரும் ஒன்று. கைக்கு எட்டாத இடத்திற்குச் சென்றுவிட்ட நிகழ்படத்தைப் பறிக்க முடியாது என்பதை முடக்கியவர்களும் அறிந்திருந்தனர் என்றே கொள்ளலாம். கிக் நிறுவனத்தை ஸ்கைப் 2011இல் வாங்கியது. அச்சேவை பின்னர் நிறுத்தப்பட்டது.

ஆண்ட்ராய்டில் சாக்கெட் உத்தி

2009இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 1.5 நிகழ்படப் பதிவைக் கொண்டுவந்தது. அதற்கான வகுப்பு மீடியா ரெக்கார்டர் ஆகும். ஒலி மூலம், காட்சி மூலம், கோப்பு வடிவம், குறியாக்கி, கோப்பின் இடம் ஆகியவற்றை உரிய வரிசையில் அமைத்துவிட்டு, ஆயத்தம் செய்து தொடங்கினால் போதும். வரிசை பிறழ்ந்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். இவ்வகுப்பு சட்டகங்களை நிரலாளரிடம் காட்டுவதே இல்லை. அது கொடுப்பது கோப்பு மட்டுமே.

சுருக்கப்படாத சட்டகங்களை முன்னோட்டத்தின் வழியாகப் பெற முடிந்தது. ஆனால் அவற்றை மென்பொருளால் சுருக்குவது அன்றைய நகர்பேசிகளுக்குப் பெரும் சுமை. வன்பொருள் குறியாக்கியோ மீடியா ரெக்கார்டருக்குப் பின்னால் மறைந்திருந்தது.

இங்கே ஓர் உத்தி கண்டறியப்பட்டது. மீடியா ரெக்கார்டரிடம் கோப்பின் பெயருக்குப் பதிலாகக் கோப்பு விவரிப்பியையும் கொடுக்கலாம். யுனிக்சு மரபில் சாக்கெட்டும் ஒரு கோப்பு விவரிப்பியே. எனவே நகர்பேசிக்குள்ளேயே ஓர் உள்ளக சாக்கெட்டைத் திறந்து, அதன் ஒரு முனையைக் கோப்பு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுமுனையில் நிரல் காத்திருக்கும். பதிவி தான் கோப்பில் எழுதுவதாகவே எண்ணி எழுதிக்கொண்டிருக்கும். ஸ்பைட்ராய்டு என்னும் திறமூல மென்பொருளும் அதிலிருந்து பிரிந்த லிப்ஸ்ட்ரீமிங் நிரலகமும் இம்முறையைப் பரவலாக்கின.

மறுமுனையில் உள்ள நிரல் முதலில் எம்டாட் என்னும் நான்கு எழுத்துக்களைத் தேடும். அதற்கு முன் உள்ளவை அனைத்தையும் தள்ளிவிடும். பிறகு நான்கு பைட்டு நீளம், அந்நீளத்திற்கு ஒரு தரவுத் துண்டு, மீண்டும் நான்கு பைட்டு நீளம் எனத் தொடர்ந்து படிக்கும். எஸ்பிஎஸ், பிபிஎஸ் தகவல் வரப்போவதில்லை. ஏனெனில் மூவ் பெட்டி இன்னும் எழுதப்படவில்லை. ஆகவே ஓடையைத் தொடங்கும் முன்பே அதே அமைப்புகளுடன் ஒரு சிறு சோதனைக் கோப்பைப் பதிந்து, அதன் மூவ் பெட்டியில் இருந்து அத்தகவலை எடுத்து வைத்துக்கொள்வர். மேலே கூறப்பட்ட மீட்பு மென்பொருள்கள் செய்வதும் இதையே.

உத்தி வேலை செய்தது, குறைகளும் இருந்தன. சட்டகத்தைக் காட்ட வேண்டிய நேரமும் மூவ் பெட்டியிலேயே உள்ளதால், துண்டு சாக்கெட்டில் வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு நிரல் அதை ஊகிக்க வேண்டியிருந்தது. காட்சி துள்ளுவதும் ஒலியில் இருந்து விலகுவதும் இதன் விளைவு. நகர்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் மறுமுனையில் படுத்துக்கிடப்பதும் உண்டு. உணரி கிடைவாக்கில் பொருத்தப்பட்டுள்ளது. படத்தைத் திருப்பிக் காட்டுமாறு கூறும் குறிப்பு மூவ் பெட்டியோடு தங்கிவிடுகிறது. பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பிந்தைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் சாக்கெட் வழி அடைபட்டதும், அதனிடத்தில் பைப் எனப்படும் குழாய் பயன்படுத்தப்பட்டது.

குறியாக்கி திறக்கப்படல்

2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1 மீடியா கோடெக் என்னும் வகுப்பை அறிமுகப்படுத்தியது. நிரல் ஒரு பக்கம் சட்டகத்தைக் கொடுக்க, மறுபக்கம் சுருக்கப்பட்ட தரவு நேரக் குறியீட்டுடன் வெளிவரும். எஸ்பிஎஸ், பிபிஎஸ் இரண்டும் தனி அடையாளத்துடன் முதலிலேயே கிடைக்கும். கோப்பு என்ற பேச்சே இல்லை. ஆயினும் படக்கருவி தரும் வண்ண ஒழுங்கும் குறியாக்கி கேட்கும் வண்ண ஒழுங்கும் சில்லுக்குச் சில்லு வேறுபட்டன. தவறான ஒழுங்கில் கொடுத்தால் மனித முகங்கள் நீல நிறத்தில் தெரிந்தன. 2013இல் வந்த 4.3 பதிப்பில், நிரலின் கைப்படாமல் படக்கருவியின் காட்சி நேராகக் குறியாக்கிக்குச் செல்லும் பரப்பு முறை சேர்க்கப்பட்டு இச்சிக்கல் தீர்ந்தது. இதே காட்சி வரைகலைச் செயலியின் வழியே செல்லுமாறு அமைத்தால் படத்தைத் திருப்பவும் எழுத்துக்களைப் பதிக்கவும் முடியும். அதே பதிப்பில் வந்த மீடியா மக்சர் வகுப்பைக் கொண்டு ஒரே குறியாக்கியின் வெளியீட்டை ஒருபுறம் கோப்பிலும் மறுபுறம் வலையமைப்பிலும் செலுத்தலாம்.

ஐபோனின் வரலாறும் இதை ஒத்ததே. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் நிகழ்படம் பதியத் தொடங்கியது. 2010இல் ஐஓஎஸ் 4 சட்டகங்களை நிரலுக்குக் கொடுத்தது. வன்பொருள் குறியாக்கியை நேரடியாக அணுகும் வீடியோ டூல்பாக்ஸ் 2014இல் ஐஓஎஸ் 8 உடன்தான் திறக்கப்பட்டது. அதுவரை குறியாக்கிய தரவை எழுதப்படும் கோப்புகளில் இருந்தே எடுக்க வேண்டியிருந்தது. மீர்காட், பெரிசுக்கோப்பு ஆகிய நேரலைச் செயலிகள் 2015 பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அடுத்தடுத்து வெளிவந்தன. இவற்றுள் பெரிசுக்கோப்பு 2021 மார்ச்சில் மூடப்பட்டது.

வலையமைப்பில் அனுப்புதல்

சுருக்கப்பட்ட தரவை எவ்வாறு அனுப்புவது என்பது தாமதத்திற்கும் முழுமைக்கும் இடையிலான தேர்வு. ஆர்டிபி நெறிமுறை பொதுவாக யுடிபி மீது இயங்குகிறது. ஒரு பொதி ஏறக்குறைய 1500 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால் பெரிய சட்டகங்கள் துண்டாக்கப்படுகின்றன. பொதி தொலைந்தால் மீண்டும் அனுப்பப்படுவதில்லை. அடுத்த முதன்மைச் சட்டகம் வரை படம் கட்டம் கட்டமாகச் சிதையும். ஆர்டிஎம்பி நெறிமுறை டிசிபி மீது இயங்குவதால் எதுவும் தொலைவதில்லை. ஆனால் வலையமைப்பு மெதுவாகும்போது அனுப்பப்படாத தரவு நகர்பேசியிலேயே தேங்கி, தாமதம் வளர்ந்துகொண்டே போகும். ஃபிளாஷ் 2020உடன் முடிவுக்கு வந்த பின்னும், அதற்காக உருவான ஆர்டிஎம்பி நகர்பேசியில் இருந்து வழங்கிக்கு அனுப்பத் தொடர்ந்து பயன்பட்டு வருகிறது.

தேக்கத்தைத் தவிர்க்க நல்ல நிரல் வரிசையின் நீளத்தைக் கவனித்து, ஓடும்போதே குறியாக்கியின் பிட்டு வீதத்தைக் குறைக்கும். ஆண்ட்ராய்டில் இது 2013இல் வந்த 4.4 பதிப்பில் இருந்து இயலும். வெப்ஆர்டிசி இதைத் தானாகவே செய்கிறது. தாமதத்தையும் ஒரு நொடிக்குள் வைத்திருக்க வல்லது. உலாவியிலேயே இயங்குவதால் தனிச் செயலி நிறுவவும் வேண்டியதில்லை. பார்வையாளர் பல்லாயிரக்கணக்கில் இருக்கும்போது வழங்கியில் இருந்து எச்எல்எஸ் முறையில் சிறு சிறு கோப்புகளாக வெட்டி அனுப்புவதே சிக்கனமானது. 10 நொடித் துண்டுகள் பயன்பட்ட காலத்தில் பார்வையாளர் அரை நிமிடம் பிந்திய காட்சியையே கண்டனர்.

உலாவிகளில் மீடியா ரெக்கார்டர் என்ற அதே பெயரில் ஓர் இடைமுகம் உண்டு. அது பெரும்பாலும் பயன்படுத்தும் வெப்எம் வடிவத்தில் அளபுருக்கள் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால், சில நொடிக்கு ஒருமுறை கிடைக்கும் துண்டுகளை வழங்கிக்கு அனுப்பி ஒட்டிக்கொண்டே போகலாம். இடையில் நின்றாலும் அதுவரை வந்தது இயங்கும். எம்பி4 வடிவத்திலும் துண்டு தோறும் மூஃப் என்னும் சிறு பொருளடக்கத்தை இடும் மாற்று அமைப்பு இதே பயனைத் தருகிறது. முழு ஓடைக்கு வசதி இல்லாத இடங்களில் பதிவைக் காக்க இவ்வளவே கூடப் போதுமானது.

பயன்பாடும் தனியுரிமையும்

2016 சூலை 6 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிலாண்டோ கேசுட்டில் என்பவரைக் காவலர் ஒருவர் காரில் வைத்துச் சுட்டார். அருகில் இருந்த டயமண்ட் ரேனால்ட்ஸ் உடனே தம் நகர்பேசியில் முகநூல் நேரலையைத் தொடங்கினார். அவருக்கு விலங்கு மாட்டப்பட்டபோது நகர்பேசி கைநழுவித் தரையில் கிடந்தது. அப்போதும் ஓடை நிற்கவில்லை. அவர் அதைப் பதிவாக மட்டும் எடுத்திருந்தால், நிறுத்தும் பொத்தானை அழுத்தவும் கோப்பைக் காக்கவும் அவருக்கு வாய்ப்பு இருந்திருக்குமா என்பது ஐயமே.

இதே தொழில்நுட்பம் உரிமையாளருக்குத் தெரியாமல் அவரைப் படம் பிடிக்கவும் பயன்படக்கூடும். திரையில் முன்னோட்டம் காட்டாமல் குறியாக்கிக்கு மட்டும் காட்சியைச் செலுத்துவது நிரலாளருக்குக் கடினமன்று. ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பில் இருந்து படக்கருவிக்கான இசைவைச் செயலி இயங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும். 2018இல் வந்த 9 ஆம் பதிப்பு பின்னணியில் உள்ள செயலிகளுக்குப் படக்கருவியை மறுத்தது. 2020இல் ஐஓஎஸ் 14, 2021இல் ஆண்ட்ராய்டு 12 ஆகியவற்றில் இருந்து படக்கருவி இயங்கும்போது திரையின் மேல் ஓரத்தில் பச்சை அடையாளம் தோன்றுகிறது. ஓடை செல்லும் வழியில் பிறர் காணாமல் இருக்க அதை மறைகுறியாக்க வேண்டும். வெப்ஆர்டிசியில் இது கட்டாயம். வெறும் ஆர்டிபி, ஆர்டிஎம்பி ஆகியவற்றில் இல்லை. பொது அருகலை வலையமைப்பில் இவற்றைப் பயன்படுத்தினால், அதே வலையமைப்பில் உள்ள வேறொருவர் பொதிகளைச் சேகரித்து முழுக் காட்சியையும் மீட்டெடுக்க இயலும்.